பிரசவத் திட்டம்: சிங்களத்திலும் எழுதி வையுங்கள்

சகோதரி, 35 வாரமாகிவிட்டது, சிங்களம் சரளமாக வராது, பிரசவ அறையில் என் விருப்பத்தை யார் கேட்பார்கள் என்று கலங்கியிருக்கிறீர்கள். பிரசவத்தின்போது உங்களுக்கு வேண்டியவற்றைச் சொல்லும் பிரசவத் திட்டத்தை ஒரே பக்கத்தில், சிங்களத்திலும் எழுதுவித்து, கர்ப்பகாலப் பதிவேட்டுக்குள் வையுங்கள். அடுத்த கிளினிக்கிலேயே மருத்துவரிடம் காட்டுங்கள். வலி வந்தபின் நீட்டினால் வாசிக்க எவருக்கும் நேரமிருக்காது.

முதல் வரியில் ஒவ்வாமையும் இரத்த வகையும். அடுத்து உடனிருப்பவர். மற்றப் பெண்களின் மறைவு கருதிக் கணவரை அனுமதிக்காத அரச மருத்துவமனைகளும் உண்டு; முன்கூட்டியே கேட்டு, சிங்களம் பேசும் அக்காவோ மாமியோ இருந்தால் அவரையும் குறிப்பிடுங்கள்.

தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது பொறுத்து வெட்டுவதும், பிறந்தவுடன் குழந்தையை வெற்று மார்பில் கிடத்துவதும் உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பவை. தயங்காமல் எழுதுங்கள். சிசேரியன் என்றாலும், நீங்களும் குழந்தையும் நலமாக இருந்தால் இவற்றைக் கேட்கலாம்.