மழை நாளில் ரேஸ் டிராக்: உப்புக்காற்று ஊர்க்காரர்களுக்குச் சில பதில்கள்

ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக்குப் பக்கத்திலுள்ள இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் கார் ஓட்டப் பணம் கட்டிவிட்டு, வானத்தைப் பார்த்துப் பயந்துபோய் எழுதியவர்கள் இந்தத் தடவை அதிகம். நமக்கும் சென்னைக்கும் அதே வடகிழக்குப் பருவமழைதான். ஆனாலும் போய் வாருங்கள். ஈர டிராக்கில் டயரும் பிரேக்கும் குறைவாகத்தான் தேயும். காய்ந்த தரை மறைத்துவிடும் தப்பையெல்லாம் ஈரத்தரை காட்டிக்கொடுத்துவிடும்.

மணலில் போகும்போது டயரில் காற்றைக் குறைப்போமே, அதேபோல மழை டிராக்கிலும் குறைத்தால் பிடிப்பு கூடுமா? (மண்டபம்)

கூடாது. மணலில் காற்றைக் குறைப்பது டயர் அகலமாகப் பரவிப் புதையாமல் இருப்பதற்காக. தண்ணீரில் நமக்கு வேண்டியது நேர் எதிரானது: டயர் தண்ணீரைக் கிழித்துத் தரையைத் தொட வேண்டும். காற்று குறைந்த டயர் சீக்கிரமே தண்ணீர் மேல் ஏறி மிதக்கும். விமான டயர்களை வைத்து நாசா கண்டுபிடித்த ஒரு கணக்கு உண்டு. பிஎஸ்ஐ அளவில் டயர் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைச் சுமார் 16.7-ஆல் பெருக்கினால், தேங்கிய நீரில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரும். 32 பிஎஸ்ஐ வைத்தால் 94 கிலோமீட்டர், 24 வைத்தால் 82. காருக்கு இது அப்படியே பொருந்தாது. பட்டன் (டயர் மேலிருக்கும் வெட்டு) ஆழம், தண்ணீரின் ஆழம் எல்லாம் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் எந்தப் பக்கம் ஆபத்து என்பது இதிலேயே தெரிகிறது.

இன்னொன்று. வெயில் நாளில் நாலு சுற்றிலேயே டயர் சூடாகிக் காற்றழுத்தம் ஏறிவிடும் என்பதால், முதலிலேயே குறைத்து வைத்துக் கிளம்புவார்கள். மழையில் டயர் அவ்வளவு சூடாகாது. அதனால் கம்பெனி சொன்ன அளவிலேயே தொடங்குங்கள். நான்கு டயருக்கும் ஒரே கேஜில் பாருங்கள்.

அண்ணன் சவூதியிலிருந்து வரும்போது மட்டும் எடுக்கும் கார். டயர் பட்டன் புதுசு மாதிரி இருக்கிறது. அப்படியே டிராக்குக்குக் கொண்டுபோகலாமா காக்கா? (கீழக்கரை)

தம்பி, ஓடாத கார்தான் எனக்கு அதிகப் பயம். டயரின் பக்கச்சுவரில் டிஓடி எழுத்துகளுக்குப் பின்னால் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஐந்தாறு வருஷம் ஆகிவிட்டால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும், ஈரத்தில் வழுக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், பக்கவாட்டில் நூல் வெடிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். நானே ஒருமுறை ஒரு கடையில் 'புது டயர்' வாங்கி, மாட்டிக்கொண்டு வந்த பிறகுதான் எண்ணைப் பார்த்தேன். நாலு வருஷப் பழசு. கடையைச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை, பார்க்காதது என் தப்பு. பட்டன் சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் இருந்தால் போதும். மழை டிராக்குக்கு 3-க்குக் கீழ் இருந்தால் நான் அனுப்ப மாட்டேன்.

அடுத்தது பிரேக். கடலோரத்தில் ஒரு மாதம் நின்ற காரின் டிஸ்க்கில் துரு படிந்திருக்கும். மேல் துரு நாலு பிரேக்கில் போய்விடும். குழி விழுந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறினால் சீக்கிரம் கொதிக்கும், கொதித்தால் பிரேக் பிடிக்காது. டாட் 4 தரப் பிரேக் ஆயிலுக்குப் புதிதில் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும். ஈரம் ஏறிய ஆயிலுக்கு அதே தரத்தில் வைத்திருக்கும் அளவு 155 டிகிரிதான். நம் ஊர்க் காற்றுக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் விடாதீர்கள். ரேஸ் பிரேக் பேட் வாங்கிப் போடும் ஆசை இருந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். அது சூடானால்தான் பிடிக்கும், மழையில் சூடாகாது.

போவதற்கு முன் அரிச்சல்முனை ரோட்டில் மழை பெய்யும்போது பழகிப் பார்க்கலாமா? நேர் ரோடு, ஆளே இருக்காது. (ராமேஸ்வரம்)

வேண்டவே வேண்டாம். இரண்டு பக்கமும் கடல், குறுக்கே காற்று, ரோட்டின் மேல் மணல். நனைந்த தாரின் மேல் மணல் கிடந்தால் கோலிக்குண்டு மேல் ஓட்டுவது போலத்தான். ஆள் இருக்காது என்கிறீர்கள், சுற்றுலா வேன் எதிரே வரும். பாம்பன் பாலத்திலும் இந்த யோசனை வேண்டாம்.

ஈர டிராக்கில் எந்த வழியில் ஓட்ட வேண்டும்? எல்லோரும் போகும் கோட்டிலேயே போனேன், வழுக்கித் தள்ளிவிட்டது. (தொண்டி)

அந்தக் கோட்டில் போனதுதான் காரணம். வெயில் நாளில் எல்லோரும் ஓட்டி ஓட்டி அந்தப் பாதையில் டயர் ரப்பர் படிந்திருக்கும், தாரும் வழவழப்பாகியிருக்கும். காய்ந்திருக்கும்போது அங்கேதான் பிடிப்பு. மழை விழுந்ததும் அதே இடம் சோப்பு. அதனால் வளைவின் உள்விளிம்பைத் தொடாமல், ஒரு கார் அகலம் வெளியே தள்ளிச் சொரசொரப்பான தாரைத் தேடுங்கள். முதல் சில சுற்றுகள் இதற்கே. 3.7 கிலோமீட்டர் சுற்றில் 12 வளைவுகள் உண்டு, ஒவ்வொன்றும் ஒரு மாதிரி இருக்கும். எங்கே தண்ணீர் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

தூறல் போட்ட முதல் பத்து நிமிஷம்தான் மோசம். எண்ணெய்யும் தூசியும் தண்ணீரோடு குழைந்து நிற்கும். கொட்டித் தீர்த்த பிறகு டிராக் கழுவப்பட்டுப் பிடிப்பு கொஞ்சம் திரும்பும். வளைவோரத்துச் சிவப்பு வெள்ளை பெயின்ட்டில் சக்கரம் ஏறவே கூடாது. என் முதல் மழை நாளில் பின்சக்கரம் ஒன்று அதில் ஏறியது. வண்டி முழுசாக ஒரு சுற்று சுற்றி, வந்த வழியைப் பார்த்து நின்றது. அடி ஒன்றும் இல்லை, மானம்தான் போனது.

பிரேக்கை நேராக ஓடும்போதே, முன்கூட்டியே முடித்துவிடுங்கள். வளைவில் செகண்ட் எடுக்கும் இடத்தில் தேர்டு போடுங்கள், இழுவை மெதுவாக வரும். தேங்கிய தண்ணீரில் ஸ்டீயரிங் லேசாகிவிட்டால் டயர் மிதக்கிறது என்று அர்த்தம். பிரேக் வேண்டாம், திருப்பவும் வேண்டாம். ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டுச் சக்கரத்தை நேராகப் பிடித்திருந்தால், டயர் தரையைத் தொட்டுவிடும். வண்டி திரும்பாமல் நேரே போனால் ஸ்டீயரிங்கை இன்னும் ஒடிப்பது பலருக்குப் பழக்கம். கொஞ்சம் விட்டுக்கொடுங்கள், முன்டயர் பிடித்துக்கொள்ளும். மஞ்சளில் சிவப்புக் கோடு போட்ட கொடி தெரிந்தால், முன்னே வழுக்கல் என்று பொருள்.

ஆட்டோமேட்டிக் கார். ஈஎஸ்பியை ஆஃப் செய்தால்தான் ஓட்டக் கற்றுக்கொள்ள முடியும் என்கிறார் என் கணவர். (ஏர்வாடி)

ஆன் செய்தே ஓட்டுங்கள் அம்மா. வண்டி வழுக்கும்போது தானாகவே பிடித்து நிறுத்தும் வசதிதான் ஈஎஸ்பி. அது வேலை செய்யும்போது டாஷ்போர்டில் ஒரு விளக்கு சிமிட்டும். ஒவ்வொரு முறை அந்த விளக்கு சிமிட்டும்போதும், எந்த இடத்தில் அவசரப்பட்டோம் என்று பாருங்கள். ஒரு சுற்று முழுக்க அது சிமிட்டாமல் ஓட்டிவிட்டு அவரையும் ஓட்டச் சொல்லுங்கள்.

கண்ணாடியில் ஆவி படிகிறது. (தேவிபட்டினம்)

ஏசியைப் போட்டுக் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள். வெளியே படியும் உப்புப் படலத்தை முதல் நாளே சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள், வைப்பர் ரப்பரையும் துடையுங்கள். லாரிக்காரர்கள் புகையிலையைத் தேய்ப்பார்கள், அது அவசரத்துக்கு மட்டும்.

இன்ஷூரன்ஸ் கிடைக்குமா? (சாயல்குடி)

சாதாரணக் கார் பாலிசியில் பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்கு இடம் கிடையாது. கிடைக்காது என்று நினைத்தே ஓட்டுங்கள்.

முடித்துவிட்டு அதே காரில் ஊருக்கு வர வேண்டும். என்ன பார்க்க வேண்டும்? (உச்சிப்புளி)

ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் திரும்பி ஓட்ட வேண்டிய வண்டி என்பதை டிராக்கில் இருக்கும்போதே நினைத்துக்கொள்ளுங்கள். கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் இழுக்காமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். வீல் நட்டு, டயர் பக்கச்சுவர், பேட் தடிமன் இவற்றைப் பார்த்து, காற்றைச் சரிசெய்துகொண்டு கிளம்பலாம். வீடு சேர்ந்த இரவும் ஹேண்ட் பிரேக் வேண்டாம். ஈரமான டிரம் உப்புக்காற்றில் ஒரே ராத்திரியில் ஒட்டிக்கொள்ளும். மறந்து இழுத்துவிட்டீர்களானால், காலையில் பிரேக்கை விடுவித்து முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். 'டக்' என்று ஒரு சத்தத்தோடு விடும்.