பாதம் சுட்ட என்ஜின்

கேள்வி: இரண்டு உலகப் போர்களுக்கு இடையில் வந்த ரேஸ் கார் என்ஜின்களைப் புதுமை என்று கொண்டாடுகிறீர்கள். வேகம் வேண்டுமென்றால் என்ஜினைப் பெரிதாக்கினார்கள், அவ்வளவுதானே?

பதில்: 1937இல் மெர்சிடிஸ் 5.6 லிட்டர் என்ஜினோடு வந்ததை நினைத்துக் கேட்கிறீர்கள் போலிருக்கிறது. அப்போதைய விதி காரின் எடைக்குத்தான் வரம்பு வைத்தது, என்ஜினுக்கு வைக்கவில்லை. ஆனால் 1926, 1927 ஆண்டுகளில் கிராண்ட் பிரி என்ற உயர்மட்டப் பந்தயத்தில் ஓடும் காருக்கு 1.5 லிட்டருக்கு மேல் என்ஜின் கூடாது. பெரிதாக்க வழியே இல்லை. அந்த வரம்புக்குள் பிரான்சின் டெலாஜ் நிறுவனத்துக்காக ஆல்பேர் லோரி வடிவமைத்த என்ஜினைப் பாருங்கள். வரிசையாக எட்டுச் சின்னச் சிலிண்டர்கள், நிமிடத்துக்கு 8,000 சுற்று, சுமார் 170 குதிரைத்திறன். இன்று நம் தெருவில் ஓடும் டர்போ இல்லாத 1.5 லிட்டர் பெட்ரோல் கார்களே 120ஐ ஒட்டித்தான் நிற்கின்றன!

என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் சூப்பர்சார்ஜர் இருந்ததே என்பீர்கள். இருந்தது. அதை வைத்து ஃபியட் 1923லேயே இத்தாலியின் மோன்சாவில் ஜெயித்துவிட்டது. 1926க்குள் போட்டியாளர்களிடமும் அது வந்துவிட்டது. லோரியின் திறமை உராய்வைக் குறைத்ததில் இருக்கிறது. பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்ட், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட், அவற்றைச் சுழற்றும் பல்சக்கரங்கள் என்று எங்கெங்கே ஏதாவது சுழன்றதோ அங்கெல்லாம் உருளும் குண்டுகள் கொண்ட பால் பேரிங்கோ உருளைகள் கொண்ட ரோலர் பேரிங்கோ போட்டார். ஒரே என்ஜினில் 60க்கும் மேல். அத்தனையும் துல்லியமாகப் பொருந்த வேண்டும். கையில் கால்குலேட்டர்கூட இல்லாத காலம் அது.

தவறும் செய்தார். புகைக்குழாயை டிரைவர் உட்காரும் பக்கமாகவே கொண்டுபோனார். 1926 ஜூலையில் ஸ்பெயினின் சான் செபாஸ்தியனில் வெயிலும் சேர்ந்துகொள்ள, டிரைவர்களின் பாதம் வெந்துபோனது. அடுத்த மாதம் இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸில் நடுநடுவே வண்டியை நிறுத்தித் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு ஓட்டினார்கள். அப்படியும் ஜெயித்தார்கள். லோரி அதோடு திருப்திப்படவில்லை. சூட்டைத் தடுக்கத் தகடு வைத்து ஒப்பேற்றவும் இல்லை. புகைக்குழாய் எதிர்ப்பக்கம் போகும்படி என்ஜினையே மாற்றினார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது இந்த இடத்தில்தான்.

1927இல் பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி, பிரிட்டன் ஆகிய நான்கு கிராண்ட் பிரிகளையும் டிரைவர் ரொபேர் பெனுவா இதே காரில் வென்றார். அப்புறம் 1936இல் பிரிட்டிஷ் டிரைவர் ரிச்சர்ட் சீமன் அந்தப் பழைய டெலாஜ்களில் ஒன்றைச் சீர்செய்து எடுத்துவந்து, 1.5 லிட்டர் பிரிவில் புத்தம்புதுக் கார்களைத் தோற்கடித்தார்.