வராத அலை

வணக்கம் சார்,
2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா பக்கம் கடலில் அடுத்தடுத்து இரண்டு பெரிய நிலநடுக்கங்கள் வந்தபோது, சுனாமி வரலாம் என்று கடலூரில் எங்கள் தெருவையே கிளப்பிவிட்டார்கள். அலை வரவில்லை. ‘வீண் பீதி’ என்று அப்பா இன்றும் சொல்கிறார். இனிமேல் கூப்பிட்டால் போக மாட்டாராம். எனக்கும் அது சரியென்றே படுகிறது. நிற்க, ஒயிட்ஃபீல்டில் பதினான்காவது மாடியில் வீடு பார்த்திருக்கிறேன். வாங்கலாமா?
– ஒரு வாசகர், பெங்களூரு

அன்புள்ள தம்பி,

வீட்டுக்குக் கட்டடப் பொறியாளரைக் கேளுங்கள். பெங்களூரு நிலநடுக்க ஆபத்து குறைந்த ஊர்தான். தூரத்து அதிர்வுக்கு உயரமான கட்டடம் கொஞ்சம் ஆடும். அன்றைக்கும் இங்கே அலுவலகங்களிலிருந்து படியிறங்கி ஓடினார்கள். அது போகட்டும்.

‘வீண் பீதி’ என்று எழுத எப்படி மனசு வந்தது?

பிற்பகல் 2.08க்கு வந்த நிலநடுக்கத்தின் அளவு 8.6. நிலத்தட்டு பக்கவாட்டில் வழுக்கியதால் கடலடி பெரிதாக மேலெழவில்லை, பெரிய அலையும் இல்லை. இதெல்லாம் பிறகு சாவகாசமாகச் சொல்வது. முதல் சில நிமிடங்களில் தெரிவது இடமும் அளவும்தான். 4.13க்கு மறுபடி 8.2. அதுவும் சாதுவாகத்தான் நகரும் என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்?

நான் அப்போது அல்சூரில். கடலூர் தேவனாம்பட்டினத்து அத்தைக்குப் போன் போகவே இல்லை. ஒருவழியாகக் கிடைத்தபோது ரோட்டோரம் உட்கார்ந்திருந்தாள், மடியில் ரேஷன் கார்டும் நகைப் பையும். “அடுப்ப அணைச்சேனான்னு தெரியலடா” என்பதுதான் முதல் பேச்சு. ஒன்றுமில்லை என்று வீட்டுக்குப் பாதி வழி திரும்பியவள், இரண்டாவது செய்தி கேட்டு மறுபடி நடந்திருக்கிறாள். அரசாங்கத்தை, கடலை, நடுவில் என்னையும் திட்டினாள். ஆனால் போனாள். 2004ஐப் பார்த்தவள்.

2004 டிசம்பர் 26 காலை 6.29க்கு சுமத்ராவில் பூமி ஆடியது. நம் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு நேரமும் கரையில் இருந்தவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல நாதியில்லை. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007இல்தான் வந்தது. 2004இல் கிடைக்காத அந்த இரண்டு மணி நேரம் 2012இல் ஜனங்கள் கைக்குக் கிடைத்தது. அதைத்தான் வீண் என்கிறீர்கள்.

அப்பா மேல் எனக்குக் கோபமில்லை. சித்திரை வெயில் நெருங்கும் நேரத்தில் வயசானவரை நடக்கவிட்டால் எரிச்சல் வராதா? ஆனால் படித்த நீங்கள் கூட நின்று ஆமாம் போடலாமா? அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது, மேட்டுக்குப் போக எந்தத் தெரு சுருக்கு என்று அவரோடு நடந்து பாருங்கள். முழங்கால் வலி என்பார். பக்கத்தில் யாரிடம் ஆட்டோ இருக்கிறது என்று விசாரித்து, நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு வாருங்கள்.