சொந்த சர்வரை விட்டு கிளவுடுக்கு மாறலாமா? அக்கவுன்ட் யார் பெயரில் என்று முதலில் கேளுங்கள்

கேள்வி: கோவையில் பம்ப் உதிரி பாகங்கள் தயாரிக்கும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி எங்களுடையது. 2011இல் விஷுவல் பேசிக்கில் (விபி) எழுதி வாங்கிய ஈஆர்பி (கணக்கு, ஸ்டாக், பர்சேஸ் எல்லாம் பார்க்கும் மென்பொருள்), ஆரக்கிள் டேட்டாபேஸின் 11ஜி வெர்ஷன், ஸ்டாண்டர்டு எடிஷனில் ஓடுகிறது. 40 பேர் பயன்படுத்துகிறார்கள். சர்வருக்கு வயதாகிவிட்டது. ஆரக்கிளுக்கு வருடாவருடம் சப்போர்ட் பணமும் கட்டி வருகிறோம். ஒரு ஏஜென்சி வந்து, “அமேசான் தன் கிளவுடில் டேட்டாபேஸை வாடகைக்கு நடத்தித் தரும் ஆர்டிஎஸ்ஸுக்கு மாறிவிடுங்கள்; லைசென்ஸ் வேண்டாம், பேக்கப் கவலை இல்லை, டேட்டாபேஸ் பார்க்க ஆளும் வேண்டாம், செலவு பாதியாகும்” என்கிறார்கள். டேட்டா நம் கையை விட்டுப் போய்விடும் என்று அப்பா பயப்படுகிறார். என்ன செய்யலாம்?

பதில்: அப்பா பயப்படுவதில் தப்பே இல்லை. டேட்டா கைவிட்டுப் போன கம்பெனிகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒன்றில்கூட அதை அமேசான் கொண்டுபோகவில்லை. நடுவில் வந்தவர்கள்தான் காரணம். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் ஏஜென்சி சொன்னவற்றைப் பார்த்துவிடலாம்.

உங்கள் சர்வர் அறையில் ஓடுவதும் ஆரக்கிள்தான், ஆர்டிஎஸ்ஸில் ஓடப்போவதும் ஆரக்கிள்தான். மெஷின் வாங்குவது, இன்ஸ்டால் செய்வது, பேட்ச் போடுவது, தினமும் பேக்கப் எடுப்பது, நீங்கள் கேட்டால் இன்னொரு கட்டடத்தில் மாற்று மெஷினைத் தயாராக வைத்திருப்பது ஆகிய வேலைகளை அமேசான் செய்கிறது. அதற்குப் பதிலாக அந்த மெஷினுக்குள் நீங்கள் நுழைய முடியாது, ஆரக்கிளின் உச்ச அதிகாரமான சிஸ்டிபிஏவும் உங்களுக்குக் கிடைக்காது. உங்களைப் போன்ற கம்பெனிக்கு இது பெரிய இழப்பில்லை. ஆனால் ஒரு ரிப்போர்ட் மெதுவாக வந்தால் ஏன் என்று பார்ப்பது, யாருக்கு எந்த அனுமதி என்று தீர்மானிப்பது, மாதக் கடைசியில் ஸ்டாக் கணக்கு இடித்தால் தேடுவது எல்லாம் முன்போலவே உங்கள் தலையில்தான். ஆள் வேண்டாம் என்று சொல்பவர், இந்த வேலைகளை யார் செய்வார் என்றும் சொல்ல வேண்டும்.

லைசென்ஸ் விஷயத்தில் ஏஜென்சி சொன்னது பாதி உண்மை. உங்கள் எடிஷனுக்குப் பின் வந்த ஸ்டாண்டர்டு எடிஷன் 2 என்றால் லைசென்ஸையும் சேர்த்து மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். என்டர்பிரைஸ் எடிஷன் என்றால் நீங்கள்தான் லைசென்ஸ் கொண்டுவர வேண்டும். உங்களிடம் ஏற்கெனவே லைசென்ஸ் இருக்கிறது, வருடத்துக்கு அதன் விலையில் 22 சதவீதம் சப்போர்ட் கட்டுகிறீர்கள். அதை வைத்துக்கொண்டே வாடகை லைசென்ஸும் எடுத்தால் ஒரே பொருளுக்கு இரண்டு முறை பணம் கட்டுகிறீர்கள். சொந்த லைசென்ஸைக் கிளவுடுக்குக் கொண்டுபோனால் 4 விசிபியு (கிளவுடில் புராசஸரை அளக்கும் அலகு) ஒரு சாக்கெட் (ஒரு புராசஸர் சிப் பொருந்தும் இடம்) என்று கணக்கு. ஸ்டாண்டர்டு எடிஷன் 2க்கு அதிகபட்சம் 8 விசிபியு. இந்தக் கணக்கைச் சொல்லும் ஆரக்கிளின் கொள்கைத் தாளிலேயே, இது தகவலுக்காக மட்டும், ஒப்பந்தத்தின் பகுதி அல்ல என்று எழுதியிருக்கிறது. அப்புறம் ஆரக்கிள்காரர்கள் லைசென்ஸ் தணிக்கைக்கு வரும்போது அதே தாளைத்தான் மேஜையில் வைக்கிறார்கள். கம்பெனி நடத்துபவர் எதை நம்பித் திட்டமிடுவது? இத்தனை வருடமாக எனக்குப் பிடிபடாத விஷயம் இது. எதுவானாலும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

“லைசென்ஸே வேண்டாம்” என்று ஏஜென்சிக்காரர்கள், இலவச டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ்ஸை மனதில் வைத்துச் சொல்லியிருந்தால் அது வேறு திட்டம். அதற்கு உங்கள் ஈஆர்பியில் பாதியைத் திரும்ப எழுத வேண்டும். காலியாக விட்ட கட்டத்தை ஆரக்கிள் ‘மதிப்பே இல்லை’ என்று எடுத்துக்கொள்ளும், போஸ்ட்கிரெஸ் அப்படி எடுத்துக்கொள்ளாது. இந்த ஒரு வித்தியாசத்திலேயே எத்தனை ரிப்போர்ட் தப்பாக வரும் என்று உங்கள் புரோகிராமரைக் கேளுங்கள்.

இனி உங்கள் நிலைமைக்கு மட்டும் பொருந்தும் விஷயம். ஈஆர்பி விபியில் எழுதியது என்கிறீர்கள். பிரவுசரில் திறக்கும் மென்பொருளாக இருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. விபி புரோகிராம் ஒவ்வொரு மேஜையிலும் உட்கார்ந்துகொண்டு டேட்டாபேஸை நேரடியாக, சின்னச் சின்னதாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஸ்டோர்ஸில் ஒருவர் ஜிஆர்என் (வந்த சரக்குக்கான ரசீது) போடுகிறார் என்று வையுங்கள், 40 வரி. ஒவ்வொரு வரிக்கும் ஐட்டம் கோடு சரியா, பர்சேஸ் ஆர்டரில் எவ்வளவு பாக்கி, ரேட் என்ன, ஜிஎஸ்டி எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்று பத்து முறை கேட்டால், மொத்தம் 400 தடவை போய்வர வேண்டும். சர்வர் பக்கத்து அறையில் இருந்தால் ஒரு தடவைக்கு அரை மில்லி செகண்டுகூட ஆகாது. எல்லாம் சேர்ந்து கால் செகண்டுக்குள் முடியும், யாருக்கும் தெரியாது. டேட்டாபேஸ் அமேசானின் மும்பை மையத்தில் இருந்தால், நல்ல லைனிலும் போய்வர 20, 30 மில்லி செகண்டு ஆகும். 400ஐ 25ஆல் பெருக்குங்கள். பத்து செகண்டு! லாரி வாசலில் நிற்கும்போது ஒவ்வொரு ஜிஆர்என்னுக்கும் திரை பத்து செகண்டு உறைந்து நின்றால், மூன்றாம் நாள் ஸ்டோர்ஸ்காரர் நோட்டுப் புத்தகத்தை எடுத்துவிடுவார். இன்டர்நெட் வேகத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்பார்கள். ஆகாது, இங்கே பிரச்சினை லைனின் அகலம் இல்லை, தூரம். விபி புரோகிராமையும் மும்பையிலேயே ஒரு விண்டோஸ் மெஷினில் போட்டு, எல்லோரும் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்தால் இது தீரும். ஆனால் அந்த மெஷினின் வாடகையும், 40 பேருக்கான ரிமோட் டெஸ்க்டாப் லைசென்ஸும் ஏஜென்சியின் கொட்டேஷனில் இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் இருக்காது.

பேக்கப் கவலை இல்லை என்பதும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடிய பேச்சில்லை. தானாக எடுக்கும் பேக்கப்பை அதிகபட்சம் 35 நாள்தான் வைத்திருக்கலாம். டேட்டாபேஸை யாராவது அழிக்கும்போது, பேக்கப்பை வைத்துக்கொள்ளச் சொல்லாவிட்டால் அதுவும் சேர்ந்து போகும். கையால் எடுத்த ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து முழு நகல்) மட்டுமே மிஞ்சும். மாற்று மெஷின் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். ஒருவர் தெரியாமல் லெட்ஜரை அழித்தால் மாற்று மெஷினிலும் அதே நொடியில் அழியும். நீங்கள் பிரைவேட் லிமிடெட் என்பதால், கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும் என்ற 2022ஆம் ஆண்டு விதியும் உங்களுக்கு உண்டு. மும்பை அல்லது ஹைதராபாத் என்று இடத்தைக் கொட்டேஷனிலேயே எழுதச் சொல்லுங்கள்.

சரி, நடுவில் வருபவர்களைப் பற்றி. எனக்குத் தெரிந்த ஒரு நூற்பாலையில் ஏஜென்சி தன் மெயில் ஐடியில் கிளவுட் அக்கவுன்ட் திறந்தது. மூன்று வருடம் நன்றாகத்தான் போனது. பிறகு பில் தகராறு வந்தது. பாஸ்வேர்டு தர மாட்டேன் என்றார்கள். அக்கவுன்ட் ஏஜென்சி பெயரில் இருந்ததால் கிளவுட் நிறுவனத்திடம் முறையிட மில்லுக்கு வழியே இல்லை. மார்ச் மாதக் கடைசி, சம்பளப் பட்டியல் உள்ளே மாட்டிக்கொண்டது. கேட்ட தொகையைக் கட்டித்தான் மீட்டார்கள். கணக்குப் பிரிவில் இருந்த அம்மா அன்று அழுததை நான் பார்த்தேன்.

அதனால் அக்கவுன்ட் உங்கள் கம்பெனி பெயரில், உங்கள் டொமைன் மெயிலில் இருக்க வேண்டும். ரூட் (அக்கவுன்டின் முழு அதிகாரமும் உள்ள யூசர்) பாஸ்வேர்டும், நுழையும்போது கேட்கும் ஓடிபி எண்ணும் உங்கள் குடும்பத்தில் ஒருவர் போனில் இருக்கட்டும். ஏஜென்சிக்குத் தனி யூசர் திறந்து, வேலைக்குத் தேவையான அனுமதி மட்டும் கொடுங்கள். உங்கள் ஜிஎஸ்டி எண்ணை அக்கவுன்டில் சேர்த்தால் பில் நேரே உங்கள் பெயருக்கு வரும், வரி வரவும் எடுத்துக்கொள்ளலாம். “எங்கள் மூலமாக வாங்கினால் டிஸ்கவுன்ட்” என்பார்கள். டிஸ்கவுன்ட் கிடைக்கலாம், ஆனால் அதற்காக ரூட்டை விட்டுக்கொடுக்காதீர்கள். அது முடியாது என்று சொல்லும் ஏஜென்சியோடு அடுத்த பேச்சு தேவையில்லை.

பில்லில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. சோதனைக்குத் திறந்த டேட்டாபேஸை நிறுத்தி வைத்தால் செலவு நின்றுவிட்டது என்று நினைக்கிறார்கள். ஏழு நாள் ஆனதும் அது தானாகவே திரும்ப ஓட ஆரம்பிக்கும். வேண்டாத டேட்டாபேஸ் என்றால் ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு அழித்துவிடுங்கள்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது இதுதான். ஒரு மாதத்துக்கு மட்டும் உங்கள் பெயரில் அக்கவுன்ட் திறந்து, உங்கள் டேட்டாவின் நகலை ஏற்றுங்கள். 11ஜி அங்கே கிடையாது, புது வெர்ஷனான 19சிக்கு ஏற்ற வேண்டியிருக்கும். பழைய விபி புரோகிராம் அதனோடு பேசுகிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும். ஸ்டோர்ஸ்காரரை உட்கார வைத்து, 40 வரி ஜிஆர்என் ஒன்றைப் போடச் சொல்லி, கையில் வாட்சோடு பக்கத்தில் நில்லுங்கள். இரண்டு மூன்று செகண்டில் முடிந்தால் மாறலாம். பத்து செகண்டு ஆனால் இந்த வருடம் வேண்டாம். இரண்டு சாக்கெட்டைத் தாண்டாத புது சர்வர் ஒன்று வாங்குங்கள். சப்போர்ட் கட்டுவதால் புது வெர்ஷன் உங்களுக்கு உரிமையானது, அதைப் போடுங்கள். இரவு பேக்கப்பின் ஒரு நகல் மட்டும் மும்பைக்குப் போகட்டும். கிளவுடுக்குப் போவதை, ஈஆர்பியைப் பிரவுசருக்கு மாற்றி எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம்.