சிறந்த ஆட்டக்காரர் விருது: தோற்ற அணிக்குக் கொடுக்கலாமா?

வணக்கம். கிருஷ்ணகிரியில் நீங்கள் நடத்தும் நினைவுக் கோப்பைக் கூடைப்பந்துப் போட்டியில், போன வருடம் சிறந்த ஆட்டக்காரர் விருது வென்ற அணி கேப்டனுக்கே போனதால் மனக்கசப்பு வந்தது என்று எழுதியிருந்தீர்கள். தோற்ற அணிக்குக் கொடுப்பது முறைதானா என்றும் கேட்டீர்கள்.

தாராளமாகக் கொடுக்கலாம். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் 1965-ல் பிரின்ஸ்டன் அணிக்கு மூன்றாம் இடம்தான். ஆனாலும் அந்தத் தொடரின் தலைசிறந்த வீரர் விருது அதன் பில் பிராட்லிக்குத்தான் போனது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் அவர் ஒருவரே 58 புள்ளி எடுத்திருந்தார்.

ஸ்கோர் ஷீட்டை மட்டும் நம்பாதீர்கள். அதில் புள்ளியும் ஃபவுலும் தெரியும். ரீபவுண்டும் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) அசிஸ்டும் (புள்ளிக்கு வழிசெய்யும் பாஸ்) வராது. ஒரு பையனை நோட்டும் பென்சிலுமாக மேசையில் உட்காரவைத்து அவற்றைத் தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். தர்மபுரியில் நான் ஆடிய காலத்தில், ஆட்டத்தை நடத்திக்கொடுக்கும் எங்கள் பாயின்ட் கார்டு கொடுத்த பாஸ்களை யாரும் எண்ணவே இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இறுதி ஆட்டம் முடிய நாலு நிமிடம் இருக்கும்போது இரண்டு நடுவர்களும் ஸ்கோரரும் ஆளுக்கு ஒரு சீட்டில் பெயர் எழுதட்டும். விழாக்குழுவில் யாரும் எழுத வேண்டாம். இந்த விதியை முதல் நாளே கேப்டன்களிடம் சொல்லிவிடுங்கள், சண்டை பாதி குறையும்.

அப்புறம், சுழற்கோப்பையில் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், ஒரே மழையில் உரிந்துவிடும். அடிப்பகுதியில் பித்தளைத் தகடு வைத்து வருடத்தையும் பெயரையும் பொறியுங்கள்.