வாசகர் கேள்வி – பதில்: குவாட்டர்பக்கை எதைக் கொண்டு அளப்பது?

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் என் அத்தான், சித்திரை பிறந்துவிட்டால் அமெரிக்க ஃபுட்போல் ‘டிராஃப்ட்’ பற்றிய காணொளிகளை ஓயாமல் அனுப்புகிறார். இது என்ன? அதில் குவாட்டர்பக் என்ற ஒரே ஆளைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?
– ஒரு வாசகர், கிளிநொச்சி

பதில்: என் வீட்டிலும் இதே கதைதான். டிராஃப்டின் முதற்சுற்று அங்கே வியாழன் இரவு எட்டு மணிக்குத் தொடங்கும்போது இங்கே வெள்ளி அதிகாலை ஐந்தரை மணியாகியிருக்கும். தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும் முன்னரே தொலைபேசி ஒலிக்கத் தொடங்கிவிடும்.

என்எஃப்எல் என்னும் தொழில்முறைச் சங்கத்தில் 32 அணிகள் உள்ளன. பல்கலைக்கழக அணிகளில் ஆடிய இளைஞர்களை அவை ஆண்டுக்கொரு முறை, ஏழு சுற்றுகளில், முறை வைத்துத் தெரிவு செய்கின்றன. முந்திய பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணிக்கே முதல் வாய்ப்பு. (அங்கே ‘கொலிஜ்’ என்றால் பல்கலைக்கழகம், நம்மூர் மத்திய கல்லூரியை நினைத்துக் குழம்ப வேண்டாம்.) குவாட்டர்பக் என்பவர் ஒவ்வோர் ஆட்டத் துண்டிலும் (பந்து நகரத் தொடங்கி நிற்கும்வரை ஒரு துண்டு) முதலில் பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது, எப்போது எறிவது, எறியாமல் ஓடுவதா என்பதை இரண்டு மூன்று விநாடிகளுக்குள் முடிவு செய்பவர். நல்லவர் ஒருவர் வாய்த்தால் அணிக்குப் பத்தாண்டுக் கவலை தீரும். 1998இல் முதலாவதாகப் பேட்டன் மனிங்கும் இரண்டாவதாக ரயன் லீஃபும் தெரிவானார்கள். இருவரில் யார் மேல் என்று அன்று உண்மையாகவே விவாதம் நடந்தது. மனிங், பருவத்தின் இறுதிப் போட்டியான சுப்பர் போலை இரண்டு முறை வென்றார். லீஃப் நான்காண்டுகளுக்குள் களத்தைவிட்டு மறைந்தார்.

கேள்வி: நான் விளையாட்டு ஆசிரியை. அதிக தூரம் எறிந்தவரையும், அதிக டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்த்துப் புள்ளி பெறுவது) எடுத்துக் கொடுத்தவரையும் புள்ளிவிவரத்தைப் பார்த்துத் தெரிவு செய்தால் போதாதா? எண்கள் பொய் சொல்லுமா?
– ஒரு வாசகி, மல்லாவி

பதில்: எண்கள் பொய் சொல்வதில்லை, ஆசிரியை, ஆனால் அவை யாரைப் பற்றிச் சொல்கின்றன என்பதில்தான் சிக்கல். இரணைமடு வாய்க்கால் நீர் தவறாமல் பாயும் வயலில் ஏக்கருக்கு எத்தனை மூடை விளைந்தது என்பதையும், வானம் பார்த்த நிலத்தில் எத்தனை மூடை விளைந்தது என்பதையும் அருகருகே எழுதி வைத்து, முதலாவது கமக்காரரே கெட்டிக்காரர் என்று நாம் தீர்ப்புச் சொல்வதில்லை. நீர் எங்கிருந்து வந்தது என்று கேட்போம்.

மக் ஜோன்ஸ் 2020இல் அலபாமா பல்கலைக்கழகத்துக்கு ஆடியபோது அவருடைய எறிதல்களில் 77.4 சதவீதம் உரியவர் கையில் சேர்ந்தன. அபாரமான எண்தான். ஆனால் அவருடைய பந்தை வாங்கிய டெவொன்டா ஸ்மித், அந்த ஆண்டு நாட்டின் மிகச் சிறந்த பல்கலைக்கழக வீரருக்கான ஹைஸ்மன் விருதையே வென்றவர். முன்னே நின்று காவல் செய்தவர்களும் அதே தரத்தினர். தோல்வியே காணாத அந்த அணியில் குவாட்டர்பக்கின் பங்கு எவ்வளவு, சுற்றியிருந்தவர்களின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது கடினம். 15ஆவதாகத் தெரிவான ஜோன்ஸை நியூ இங்கிலாந்து அணி மூன்று பருவங்களுடன் கைமாற்றிவிட்டது. மறுபுறம் ஜொஷ் அலன், வயோமிங் என்ற சிறிய பல்கலைக்கழகத்தில், பெரிய துணை எதுவுமின்றி ஆடி 56.2 சதவீதம் மட்டுமே எடுத்தார். குறி தப்புகிறவரைத் திருத்த முடியாது என்று பலரும் கைவிரித்தார்கள். 2018இல் 7ஆவதாகத் தெரிவான அவருடைய சதவீதம் 2020இல் 69ஐத் தாண்டியது; 2024 பருவத்தின் மிகப் பெறுமதியான வீரரும் அவரே.

இதை வைத்து, நல்ல துணையோடு ஆடியவரெல்லாம் வெறும் பதர் என்று எண்ணிவிடக்கூடாது. ஜோ பரோவும் 2019இல் எல்எஸ்யூ என்ற லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணியில் ஜஸ்டின் ஜெஃபர்சன், ஜமார் சேஸ் போன்றோருக்கே எறிந்தார். 60 டச்டவுன், ஒரு தோல்விகூட இல்லை, மறு ஆண்டு முதலாவது தெரிவு. வேறுபாடு எங்கே தெரிந்தது என்றால், காவல் உடைந்து எதிரி மேலே பாய்கிற துண்டுகளில்தான். அந்த நெருக்கடியிலும் அவர் கலங்காமல் நின்று எறிந்தார். ஆகவே மொத்தக் கூட்டுத்தொகையைவிட, துணை அற்றுப்போன அந்தச் சில துண்டுகளைத் தனியே எடுத்துப் பார்ப்பவரையே நான் நம்புவேன்.

இன்னும் ஒன்று. எத்தனை ஆட்டங்களைத் தொடக்கத்திலிருந்து ஆடினார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். மிச்சல் ட்ருபிஸ்கி 13 ஆட்டங்களுடனும், ட்ரே லான்ஸ் 17 ஆட்டங்களுடனும், அன்டனி ரிச்சட்சன் 13 ஆட்டங்களுடனும் முதல் நான்கு இடங்களுக்குள் தெரிவானார்கள். தெரிவு செய்த அணியில் மூவராலும் நிலைத்து நிற்க முடியவில்லை. 61 ஆட்டங்கள் ஆடிவிட்டு 2024இல் வந்த போ நிக்ஸ், முதல் பருவத்திலேயே டென்வர் அணியை இறுதிக் கட்டப் போட்டிகளுக்கு அழைத்துச் சென்றார். ஆயினும் ஓபர்ன் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு பருவம் முதன்மை ஆட்டக்காரராக இருந்த கம் நியூட்டன் 2015இன் மிகப் பெறுமதியான வீரரானார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் உங்கள் மாணவர்களில் ஒருவர் எழுந்து என்னைத் திருத்துவார்.

கேள்வி: உள்ளங்கையைக்கூட அளக்கிறார்களாமே? மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல் இருக்கிறதே!
– ஒரு வாசகர், வவுனியா

பதில்: உங்கள் ஒப்புமை கடுமையானது, ஆனால் தவறானதன்று. மாசி முடிவில் இண்டியானாபொலிஸ் நகரில் ‘கம்பைன்’ என்ற பரிசோதனை நடக்கும். உயரம், நிறை, 40 யார் தூர ஓட்டம் ஆகியவற்றோடு, விரித்த கையின் பெருவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரையிலான நீளமும் அளக்கப்படும். ஒன்பது அங்குலத்துக்குக் குறைந்தால் ஈரத்திலும் குளிரிலும் பந்து நழுவும் என்பது பழைய நம்பிக்கை. சரியாக ஒன்பது அங்குலம் இருந்த ஜோ பரோ, இனி ஓய்வுபெறுவதைப் பற்றி யோசிக்கிறேன் என்று பகிடி விட்டார். ஆறடிக்குக் குறைந்தவர்கள் முன்னால் நிற்கும் மலைகளுக்கு மேலாகப் பார்க்க முடியாது என்றார்கள். ஐந்தடி பத்தங்குலமே உடைய கைலர் மரே 2019இல் முதலாவதாகத் தெரிவானார். அளவுநாடாவை வீசிவிடச் சொல்லவில்லை. அது ஒருவரை விலக்க உதவலாம். தெரிவு செய்ய உதவாது.

கேள்வி: டொம் பிரேடியை எல்லோரும் தவறவிட்டது எப்படி?
– ஒரு வாசகர், முள்ளியவளை

பதில்: 2000ஆம் ஆண்டு, ஆறாம் சுற்று, 199ஆவது தெரிவு, அவருக்கு முன் ஆறு குவாட்டர்பக்குகள் தெரிவானார்கள். 40 யாரை ஓட அவருக்கு 5.28 விநாடிகள் எடுத்தன, உடலும் ஒல்லி. மிச்சிகன் பல்கலைக்கழகத்திலேயே தன் இடத்தை இன்னொருவரோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. பின்னாளில் ஏழு சுப்பர் போல்களை வென்றார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அவரைத் தெரிவு செய்த அணியும் 198 பேர் போகும்வரை காத்திருந்தது. அவர்களுக்கு மட்டும் ஞானக்கண் இருந்தது என்ற கதையை நான் ஏற்பதில்லை.

கேள்வி: அறிவுத்திறன் பரீட்சை வைத்தால் கண்டுபிடித்துவிடலாமே?
– ஒரு மாணவர், மாங்குளம்

பதில்: வைத்துப் பார்த்தார்கள், தம்பி. 12 நிமிடத்தில் 50 கேள்விகள் கொண்ட வொண்டர்லிக் பரீட்சை பல்லாண்டு காலம் கம்பைனில் நடத்தப்பட்டு, 2022இல் கைவிடப்பட்டது. 2023இல் வேறொரு பரீட்சையில் சி.ஜே. ஸ்ட்ரௌட் குறைந்த புள்ளி எடுத்ததாகச் செய்தி கசிந்தது. அந்தப் பருவத்திலேயே தாக்குதல் ஆட்டத்தின் சிறந்த புதுமுக வீரர் என்ற விருதை அவர் பெற்றார். கடதாசியில் விடை எழுதுவது வேறு, நூற்றிருபது கிலோ ஆள் மேலே விழ வரும்போது விடை காண்பது வேறு.

கேள்வி: தவறான ஆளைத் தெரிவு செய்துவிட்டால் குற்றம் ஆளுடையதா, அணியுடையதா?
– ஒரு வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: பல வேளைகளில் நாற்றில் குறையில்லை, நட்ட இடத்தில்தான் குறை. 2017இல் 10ஆவதாகத் தெரிவான பட்ரிக் மஹோம்ஸை கன்சாஸ் சிட்டி அணி அவசரப்பட்டுக் களத்தில் இறக்கவில்லை. அனுபவசாலியான அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் ஒரு பருவம் முழுவதும் அமர்த்தி, கடைசி ஆட்டத்தில் மட்டும் ஆடவைத்தது. மறு பருவம் அவர் 50 டச்டவுன் எறிந்தார். அவரையே நிலைகுலைந்த ஓர் அணி முதல் நாளே களத்தில் தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? அதற்கு மாறாக, 2018இல் நியூயோர்க் ஜெட்ஸ் 3ஆவதாகத் தெரிவு செய்த சாம் டார்னல்ட் அங்கே தோற்றுப்போனவராகவே கணிக்கப்பட்டார். 2024இல், தன் நான்காவது அணியான மினசோட்டாவில், நல்ல பயிற்றுநரும் நல்ல துணையும் வாய்த்தபோது 14 வெற்றிகளைப் பெற்றுக் கொடுத்தார். டிராஃப்டுக்கு முன் ஆளைப் பற்றி நூறு பக்கம் எழுதுபவர்கள், அவர் போய்ச் சேரப்போகும் இடத்தைப் பற்றிப் பத்து வரிகூட எழுதாதது எனக்கு இன்றுவரை வியப்பாகவே இருக்கிறது.

பணக்கணக்கும் இதில் உண்டு. 2010இல் முதலாவதாக வந்த சாம் பிரட்ஃபர்டுக்கு 50 மில்லியன் டொலர் உறுதியளிக்கப்பட்டிருந்தது. மறு ஆண்டு புதுமுக வீரர்களுக்கு ஊதிய வரையறை வந்ததும் கம் நியூட்டனின் நான்காண்டு ஒப்பந்தம் முழுவதுமே ஏறத்தாழ 22 மில்லியன்தான். தவறின் விலை குறைந்ததால் பொறுமையும் குறைந்தது. இரண்டே ஆண்டுகளில் ஆளைக் கைவிட்டு அடுத்தவரைத் தேடுகிறார்கள்.

கேள்வி: என் மகன் இந்தக் காணொளிகளைப் பார்த்துத் தானும் மதிப்பிடப் பழகுகிறான். எதைப் பார்க்கச் சொல்வது?
– ஒரு தந்தை, பரந்தன்

பதில்: சிறந்த எறிதல்களை மட்டும் வெட்டி ஒட்டிய காணொளிகளை முதலில் ஒதுக்கச் சொல்லுங்கள், கலியாண அல்பத்தைப் பார்த்துக் குடும்பத்தின் குணத்தை அறிய முடியாது. ஒரு முழு ஆட்டத்தை, முடிந்தால் அந்த அணி தோற்ற ஆட்டத்தை, எடுத்துக்கொள்ளட்டும். நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார் முன்னேற வேண்டும் என்பதே ஆட்ட விதி. மூன்றாவது முயற்சியில் ஏழெட்டு யார் மீதமிருக்கும்போது எறிதல் வரப்போகிறது என்பது எதிரிக்கும் தெரியும். அந்தத் துண்டுகளில் குவாட்டர்பக்கின் கால்களும் கண்களும் என்ன செய்கின்றன என்று பார்க்க வேண்டும். முதலில் பார்த்த ஆளையே முறைத்துக்கொண்டிருக்கிறாரா, இரண்டாமவர், மூன்றாமவர் என்று பார்வையை நகர்த்துகிறாரா? காவல் உடையும்போது பின்னால் ஓடுகிறாரா, ஓரடி முன்னே வந்து எறிகிறாரா?

பல்கலைக்கழகக் களத்தில் பந்து வைக்கப்படும் இரு கோடுகளுக்கும் இடையே 40 அடி தூரம். தொழில்முறைக் களத்திலோ பதினெட்டரை அடிதான். ஆகவே பல்கலைக்கழகக் களத்தில் ஒரு பக்கக் கோட்டிலிருந்து எதிர்ப்பக்க எல்லை வரை எறிவது நெடுந்தூரம். பலர் அதைத் தவிர்த்து அருகிலேயே எறிவார்கள். அந்த நீண்ட எறிதலை ஆட்டத்தில் எத்தனை முறை துணிந்தார் என்று ஒரு கொப்பியில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தொலைக்காட்சிக் கமெரா பந்தின் பின்னாலேயே ஓடுவதால், எறியப்படாமல் விடப்பட்ட ஆள் தனியே நின்றாரா என்பது அதில் தெரியாது. உயரத்திலிருந்து 22 பேரையும் ஒருசேரக் காட்டும் பதிவு இருந்தால் அதையே அனுப்பும்படி ரொறன்ரோவில் உள்ளவர்களிடம் கேளுங்கள்.