குடும்ப மருத்துவர்களின் வேலைப்பளு: கேள்வி பதில்

கேள்வி: கடைசி நோயாளி போன பிறகும் குறிப்பு எழுதி முடிக்க இரவாகிவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: நோயாளி எதிரில் இருக்கும்போதே எழுதுங்கள். எழுதுவதை வாய்விட்டுச் சொன்னால் அவருக்கும் உறுத்தாது, நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டதும் அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம், நேரத்தைத் தின்பது கதவருகே வரும் கேள்வி. சளிக்கு மருந்து வாங்கி எழுந்தவர் "ரெண்டு நாளா நெஞ்சுல ஒரு மாதிரி இருக்கு டாக்டர்" என்பார், அதை ஒதுக்கவே முடியாது. உட்கார்ந்ததுமே "இன்னைக்கு வேற என்னென்ன பேசணும்?" என்று கேட்டுவிடுங்கள். அவசரமானதை முதலில் பார்த்து, மிச்சத்துக்கு வேறொரு நாள் கொடுங்கள்.

கேள்வி: நோயாளிகளுக்குச் சொந்த வாட்ஸ்அப் எண் தரலாமா?

பதில்: வேண்டாம். கிளினிக்குக்குத் தனி எண் போதும். பணி நேரத்தில் மட்டும் பார்ப்போம், அவசரம் என்றால் இங்கே போங்கள் என்று அதிலேயே எழுதி வையுங்கள்.

கேள்வி: தூக்கமில்லை. சில மாதங்களாக நானே மாத்திரை எழுதிச் சாப்பிடுகிறேன்.

பதில்: தொடரவும் வேண்டாம், திடீரென நிறுத்தவும் வேண்டாம். சில தூக்க மாத்திரைகளைச் சட்டென விட்டால் வலிப்புகூட வரும். நாளைக்கே இன்னொரு மருத்துவரிடம் நோயாளியாகப் போங்கள். எல்லோருக்கும் சொல்கிறேன்: உங்களுக்கு நீங்களே மருந்து எழுதாதீர்கள்.

கேள்வி: கிளினிக் கடனுக்கு வரிச்சலுகை உண்டா?

பதில்: ஆடிட்டரைக் கேளுங்கள்.

கேள்வி: எந்நேரமும் கிடைப்பவர்தானே குடும்ப மருத்துவர்? எங்கள் தலைமுறை அப்படித்தான் இருந்தது. நீங்கள் இளையவர்களைச் சோம்பேறியாக்குகிறீர்கள்.

பதில்: உங்கள் உழைப்பை மதிக்கிறேன் ஐயா, ஆனால் சோம்பேறித்தனம் என்பதை ஏற்க மாட்டேன். நோயாளிக்குச் சிறந்த சிகிச்சை தருவதற்காக என் உடல்நலத்தையும் கவனிப்பேன் என்ற வரி, ஜெனீவா பிரகடனம் என்னும் மருத்துவர் உறுதிமொழியிலேயே 2017 திருத்தத்தில் சேர்ந்துவிட்டது. 2019இல் உலக சுகாதார நிறுவனம் பணிச்சோர்வை விளக்கியபோது அதை ஒரு நோயாகச் சொல்லவில்லை, வேலையிடத்தில் சமாளிக்கப்படாத நாள்பட்ட அழுத்தத்தின் விளைவு என்றது. களைப்பு, வேலைமேல் வெறுப்பு, திறன் குறைவு மூன்றும் அதில் உண்டு. நான் பயப்படுவது அந்த வெறுப்புக்குத்தான். அடுத்த நோயாளி உள்ளே வரும்போதே எரிச்சல் வந்தால் அவர் சொல்வது பாதி காதில் விழாது.

கேள்வி: வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் மட்டும் அனுப்பச் சொல்லலாமா?

பதில்: மேலே பாருங்கள். கிளினிக் எண்ணுக்கு அனுப்பட்டும்.

கேள்வி: (அதே ஐயா) அப்படியானால் இரவில் சாகக்கிடப்பவரைக் கைவிடுவதா?

பதில்: இல்லவே இல்லை. பக்கத்து மருத்துவர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து இரவுகளைப் பிரித்துக்கொள்ளுங்கள், அந்த நோயாளியின் நிலையை எழுதிக் கைமாற்றுங்கள். உங்கள் முறை இல்லாத இரவில் போனை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப்பில்...

பதில்: மூன்றாவது முறை. வேண்டாம்.